விசுவாசம் என்னும் தோட்டம்: மிண்டனாவோ மலைச்சரிவில் ஒரு மிஷன் பண்ணை

கிறித்தவ மிஷன்களின் வரலாற்றை எழுதப் புகும்போது தமிழில் நாம் பெரும்பாலும் மூன்று இடங்களோடு நின்றுவிடுகிறோம்: அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், மருத்துவமனை. நான்காவதாக ஓர் இடம் உண்டு. அது தோட்டம். வில்லியம் கேரியை பைபிளை வங்கமொழிக்குக் கொண்டுவந்தவராக அறிந்திருக்கும் அளவுக்கு, 1820-ல் கல்கத்தாவில் வேளாண்மைக்கும் தோட்டக்கலைக்குமென ஒரு சங்கத்தை நிறுவியவராக நாம் அறிந்திருப்பதில்லை. சாம் ஹிக்கின்பாட்டம் 1910-ல் அலகாபாத்தில் தொடங்கிய வேளாண் நிறுவனமும் அவ்வாறே பேசப்படாமல் போயிற்று. இவ்வளவுக்கும் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியது அன்றைய திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில். இன்றும் மார்த்தாண்டம் என்றால் நம் நினைவுக்கு வருவது தேன். ஆனால் அங்கே தேனீ வளர்ப்பு பரவிய கதையில் ஒரு மிஷன் மையத்துக்கும் பங்குண்டு என்பது நினைவில் நிற்பதில்லை.

இந்த மரபில் வந்த ஒரு பண்ணையைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். அது இருப்பது தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், ஆப்போ மலையின் அடிவாரத்தில், பன்சாலான் என்னும் ஊரை ஒட்டி.

முதலில் நிலத்தின் கதை. மிண்டனாவோ இஸ்லாமியரான மோரோக்களும், லுமாட் என்று பொதுப்பெயரால் குறிக்கப்படும் பழங்குடிகளும் வாழ்ந்த தீவு. அமெரிக்கர் ஆட்சிக் காலத்திலிருந்தே வடக்குத் தீவுகளின் நிலமற்ற கிறித்தவ உழவர்கள் இங்கே குடியேற்றப்பட்டனர். 1939-க்குப் பின் அரசே குடியேற்ற வாரியம் அமைத்து அதை விரைவுபடுத்தியது. சமவெளி நிறைந்தபின் மக்கள் மலையேறினர். மரம்வெட்டும் நிறுவனங்கள் காட்டுக்குள் போட்ட பாதைகளே அவர்களுக்கு வழியாயின. ஏழைக் குடியேறிகளும், சமவெளியிலிருந்து தள்ளப்பட்ட பழங்குடிகளும் செங்குத்தான சரிவுகளை உழுது சோளம் விதைத்தனர். மழையில் மேல்மண் கரைந்தது. சில ஆண்டுகளில் விளைச்சல் சரிந்தது. இன்னும் மேலே ஏறி இன்னும் சில மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று.

1960களின் நடுவில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹெரால்ட் வாட்சன் என்னும் பாப்டிஸ்ட் மிஷனரி இங்கே வந்து சேர்ந்தார். இறையியலோடு வேளாண்மையும் படித்தவர். 1971-ல் 'மிண்டனாவோ பாப்டிஸ்ட் கிராம வாழ்வு மையம்' தொடங்கப்பட்டது. தேடிவந்த உழவர்களின் குறை ஏறத்தாழ ஒன்றே: முன்பு விளைந்த நிலம் இப்போது விளைவதில்லை. மண் போய்க்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள் என்று வாட்சனும் வார்லிட்டோ லகிஹோன் முதலிய அவருடைய பிலிப்பினோ சகாக்களும் கண்டுகொண்டனர்.

அவர்கள் கண்ட தீர்வின் பெயர் 'சால்ட்'. சரிவுநில வேளாண் தொழில்நுட்பம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சேர்க்கை அது. இயேசுவின் மலைப்பொழிவில் சீடர்களுக்கு உவமையாக வரும் உப்பையும் அப்பெயர் நினைவூட்டுவது தற்செயலாக இருக்க முடியாது. 1970களில் பல ஆண்டுகள் சோதித்து, 1978-ல் ஒரு ஹெக்டேர் சரிவில் மாதிரிப் பண்ணை அமைத்து, 1980 வாக்கில் பத்துப் படிகள் கொண்ட முறையாக அதை வகுத்தனர்.

முறை எளியது. மூன்று கழிகளை ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். நூல் குறுக்குக் கழியின் நடுக்குறியில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இப்படி அடியடியாக நகர்ந்து சரிவின் குறுக்கே சமமட்டக் கோடுகளை வரைந்துவிடலாம். எழுத்தறியாத உழவரும் ஒரு பகல்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியது. நான்கைந்து மீட்டருக்கு ஒன்றாக அமையும் அக்கோடுகளில், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பயறுக் குடும்பத்து மரங்களை இரட்டை வரிசையில் நெருக்கமாக விதைப்பார்கள். மாதத்துக்கொரு முறையோ ஒன்றரை மாதத்துக்கொரு முறையோ வேலியைக் கழித்து, தழையைப் பயிரின் காலடியில் இடுவார்கள். வேலி மண்ணைப் பிடித்து நிறுத்தும். தழை மண்ணுக்கு உரமாகும். இடைப்பட்ட பட்டைகளில் சோளமும் பயறும், மூன்றுக்கு ஒரு பட்டையில் காப்பி, கொக்கோ, வாழை போன்ற நீண்டகாலப் பயிர்கள். மையத்தின் அளவீட்டில் வழக்கமான உழவில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 194 டன் மண் கரைந்தது. சால்ட் முறையில் கரைந்தது 3.4 டன்.

மலைச்சரிவுக்கு சால்ட் என்றால் வீட்டுக்கொல்லைக்கு வேறொன்று. 'ஃபுட் ஆல்வேஸ் இன் த ஹோம்', வீட்டில் எப்போதும் உணவு என்பது அதன் பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபெயித்', அதாவது விசுவாசம். நூறு சதுர மீட்டரே போதும். தோட்டத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதியில் இரண்டு முதல் நான்கு மாதங்களில் பலன் தருபவை, அடுத்ததில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் தருபவை, மூன்றாவதில் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் தருபவை. ஒவ்வொரு பகுதியிலும் பாதியை மட்டுமே முதலில் நடுவார்கள். அது காய்ப்புக்கு வரும்போது மறுபாதி நடப்படும். பாத்திகளின் நடுவே, பாதி மண்ணில் புதைத்த மூங்கில் கூடைகள். அவற்றில் சாணமும் தழையும் நிரப்பி, கூடையைச் சுற்றி நாற்றுகளை நடுவார்கள். வேர் பிடித்தபின் தண்ணீர் ஊற்றுவது செடிக்கன்று, கூடைக்கு. எருவைக் கிளறிச் சுமக்கும் வேலை மிச்சம். கத்தரி, வெண்டை, பாகல், சேம்பு என்று நீளும் பயிர்ப்பட்டியல் நம் கொல்லைப்புறத்தை நினைவூட்டும். அதில் 'மலுங்காய்' என்றொரு மரமும் உண்டு. அது முருங்கையேதான். மலாய் மொழி வழியாகப் பிலிப்பைன்ஸ் சென்று சேர்ந்த தமிழ்ச் சொல் அது என்று கருதுகிறார்கள்.

1985-ல் வாட்சனுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. சரியாக அதே ஆண்டில் இக்கதை திரும்புகிறது.

சால்ட் வேலிகளின் முதன்மை மரம் இப்பில்-இப்பில். மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் காலத்தில் மணிலாவுக்கு வந்த மரம். நம் ஊரில் சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் அழைக்கிறோம். தீவனம், விறகு, உரம் என்று எல்லாவற்றுக்கும் உதவியதால் 1970களில் அற்புத மரம் என்றே போற்றப்பட்டது. 1985-ல் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறு சாறுண்ணிப் பூச்சி பிலிப்பைன்ஸை அடைந்தது. கடுகளவே இருக்கும். கொழுந்துகள் கருகின, வேலிகள் மொட்டையாயின. அடுத்த சில ஆண்டுகளில் அப்பூச்சி தென்னிந்தியா வரை வந்து இங்குள்ள சூபாபுல்லையும் தாக்கியது. விருது பெற்ற ஒரு முறையின் முதுகெலும்பு அதே ஆண்டில் முறிந்தது.

மிஷன் வரலாறுகளில் இத்தகைய தருணங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும். இந்த ஒரு தருணத்துக்காகவே பன்சாலான் பண்ணை நம் கவனத்துக்குரியது என்று கருதுகிறோம். அவர்கள் மரத்தை மாற்றினார்கள். பிளெமிஞ்சியா, டெஸ்மோடியம், கிளைரிசிடியா என்று பல இனங்களைக் கலந்து வேலி அமைத்தனர். ஒரே மரத்தின் மேல் எல்லாவற்றையும் ஏற்றி வைத்ததே தவறு என்னும் பாடத்தை அம்முறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டனர். ஆடு வளர்ப்பைச் சேர்த்து ஒன்று, காட்டு மரங்களைச் சேர்த்து ஒன்று, பழமரங்களைச் சேர்த்து ஒன்று என சால்ட் நான்கு வடிவங்களாக வளர்ந்தது.

எனினும் இதை வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். வேலியைக் கழிப்பது கடும் உழைப்பு கேட்பது. ஏழை உழவரிடம் மிகக் குறைவாக இருப்பது ஆள்பலமே. நிலப்பட்டா இல்லாதவர், நாளை வெளியேற்றப்படலாம் என்று அஞ்சுபவர், பத்தாண்டு கழித்துப் பலன் தரும் வேலியை எதற்காக நடவேண்டும்? மண் கரைவதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. யார் நிலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்னும் கேள்வியும் அதன் அடியில் இருக்கிறது. மூன்று கழியும் ஒரு கல்லும் கொண்ட கருவியால் அக்கேள்வியை அளக்க முடியாது.

வடக்கு மிண்டனாவோவின் கிளாவேரியாவில் நிகழ்ந்தது இதற்கு உழவர்களே அளித்த மறுமொழி எனலாம். அவர்கள் சமமட்டக் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மர வேலியைக் கைவிட்டனர். கோட்டை ஒட்டி ஒரு முழ அகலத்தை உழாமல் விட்டால் புல் தானே முளைக்கிறது. விதை வேண்டாம், நடவு வேண்டாம், மண்ணும் நிற்கிறது. வேளாண்காட்டியல் ஆய்வாளர்கள் அதைக் கவனித்து ஊக்குவித்தனர். 1996-ல் தொடங்கி உழவர்களே நிலக்காப்புக் குழுக்கள் அமைத்து அதைப் பரப்பினர். வேதாகமக் கனவோடு பிறந்த ஒரு முறை, நேபாளம், சீனா, வங்கதேசத்தின் மலைப்பகுதிகளிலும் 1990களில் சோதிக்கப்பட்டது. அங்கெல்லாம் கோடுகள் சென்றன, பைபிள் உடன் செல்லவில்லை.

உணவோடு மதத்தையும் கொடுப்பது அறமா என்னும் கேள்வி நம்மிடம் எப்போதும் உண்டு, இருக்கவும் வேண்டும். பன்சாலான் மையம் உழவையும் வேதத்தையும் சேர்த்தே கற்பித்தது, அதை மறைத்ததுமில்லை. மோரோ நிலத்திலும் லுமாட் நிலத்திலும் அது எவ்வாறு பொருள்பட்டிருக்கும் என்பதை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. ஆனால் ஒரு கொடையை மதிப்பிட இன்னொரு அளவுகோலும் உண்டு. பெற்றவர்கள் அதை மாற்றிக்கொள்ள முடிகிறதா? கொடுத்தவர்களின் பெயரை மறந்த பின்னும் அது பயன்படுகிறதா?

ஆதியாகமத்தின் முதல் மனிதனுக்கு இடப்பட்ட வேலை தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது. அந்தத் தொன்மத்தை நம்புகிறவர்கள் ஒரு மலைச்சரிவில் அதைச் செய்து பார்த்தார்கள். அவர்கள் நட்ட மரம் பட்டது. அவர்கள் வரைந்த கோட்டில் யாரும் நடாத புல் வளர்ந்து மண்ணைப் பிடித்து நிறுத்தியது. தோட்டத்துக்கு விசுவாசம் என்று பெயரிட்டவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருந்திருக்காது. இருந்தாலும் அந்த வரலாற்றின் சிறந்த பகுதி அதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.