டெர்ரா பிரேட்டா

அமேசான் படுகையில் ஆற்றோர மேட்டுநிலங்களில் திட்டுத்திட்டாகக் காணப்படும் கருமண். சுற்றியுள்ள காட்டு மண் மஞ்சளும் சிவப்புமாக, ஓயாத மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன அமில மண். கருமண்ணோ சில இடங்களில் 2 மீட்டர் ஆழம்வரை கறுத்திருக்கும். தோண்டத் தோண்டப் பானை ஓடு, மீன்முள், கரித்துண்டு என்று வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான திட்டுகளின் வயது 500 முதல் 2,500 ஆண்டுகள். இன்று உயிர்க்கரி (பயோசார்) என்று பேசப்படும், கரியை மண்ணில் இடும் மண்வளமுறைக்கு மூலமாகக் காட்டப்படுவது இதுதான்.

1542இல் ஸ்பானியப் பயணி ஒரெயானாவின் படகுகளில் அமேசான் வழியே சென்ற கார்வாஹால் என்ற துறவி, கரை நெடுகிலும் பெரும் ஊர்களைக் கண்டதாக எழுதினார். அவ்வளவு மக்களுக்கு அந்த ஏழை மண் சோறு போட்டிருக்காது என்று பிற்கால அறிஞர் பலர் அதை ஒதுக்கிவிட்டனர். 1879இல் அமெரிக்க இயற்கையியலாளர் ஹெர்பர்ட் ஸ்மித் இந்த மண் பழைய குடியிருப்புகளின் எச்சம் என்று சரியாகவே சொல்லியும், எரிமலைச் சாம்பல், ஏரிப் படிவு என்ற ஊகங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. பழங்குடிகள் மண்ணையே ஆக்கியிருப்பார்கள் என்று நம்ப மனம் வரவில்லை போலும்.

நெதர்லாந்து மண்ணியலாளர் விம் சோம்ப்ரூக் 1966இல் எழுதிய அமேசான் மண் பற்றிய நூல் இந்தக் கருமண்ணுக்குப் புதிய கவனம் தேடித் தந்தது. நெதர்லாந்தைத் தாக்கிய 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் அவர் குடும்பத்தைக் காப்பாற்றியது, முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சாம்பலும் குப்பையும் கொட்டி வளர்த்த சிறு நிலம். மனிதர் ஆக்கிய மண்ணை அவர் கண்டுகொண்டதில் வியப்பில்லை. 2023இல் வெளியான ஆய்வொன்று, பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் வாழும் குய்குரோ மக்கள் இன்றும் சாம்பல், மீன் கழிவு, மரவள்ளித் தோல் ஆகியவற்றைக் குவித்து வேண்டுமென்றே கருமண் உண்டாக்குவதைப் பதிவுசெய்தது.

மண்ணின் கறுப்புக்குக் காரணம் கரி. புரூனோ கிளாசர் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, அருகிலுள்ள மண்ணைவிட இதில் எரிகரிமம் 70 மடங்குவரை உண்டு. காற்று குறைந்த சூட்டில் வெந்த மரம் முழுதும் சாம்பலாகாமல் நுண்துளைகள் நிறைந்த கரியாகிறது. நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்று தீர்ப்பதில்லை. அதனால்தான் அதிலுள்ள கரிமம் நூற்றாண்டுகள் மண்ணில் தங்குகிறது. நாளடைவில் கரியின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் பெற்று, கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளை மழை அடித்துச் செல்லாமல் பிடித்து வைக்கிறது. அமிலத்தன்மை குறைவதால் வேரைக் கெடுக்கும் அலுமினியமும் அடங்குகிறது.

கரியை மட்டும் கொட்டினால் கருமண் ஆகிவிடாது. எலும்பிலிருந்து வந்த பாஸ்பரசும் மக்கிய கழிவுகளும் சேர்ந்ததே அந்த மண்; வெறும் புதுக்கரி பயிருக்குரிய தழைச்சத்தைச் சிறிது காலம் தன்னிடமே பிடித்துக்கொள்ளவும் கூடும். எனவே உயிர்க்கரியைத் தொழுவுரத்தோடோ மட்கிய உரத்தோடோ கலந்து ஊறவைத்து இடுவதே முறை. பல நாட்டு உயிர்க்கரி வயல் சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, வெப்பமண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியதையும், மிதவெப்ப நாடுகளில் பலன் இல்லாததையும் காட்டியது. ஏற்கெனவே களர்ப்பாங்கான நிலத்தில் காரத்தன்மையுள்ள கரியை இடுவது வீண்வேலை.

கரி சுடும் முறையும் கணக்கில் வரும். இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசி எரிக்கும் மூட்டம் போன்ற பழைய வழிகளில் மீத்தேனும் புகையும் வெளியேறுகின்றன. மண்ணில் கரிமத்தைச் சேமிப்பதால் பருவநிலைக்குக் கிடைக்கும் பலனில் ஒரு பங்கை அவை தின்றுவிடும். அந்த வாயுக்களையே பிடித்து எரித்து, அச்சூட்டில் கரி சுடும் உலைகள் இந்த இழப்பைக் குறைக்கின்றன.