படிவத்தில் இடம் இல்லாத குழந்தைகள்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு குழந்தைக்கு ஆட்டிசம்னு மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "அடுத்து எங்க போறது?" இன்றைக்கு அதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் உருவாக எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆட்டிசத்துக்குப் பெயர் சீக்கிரமே கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் அரசுப் படிவத்தில் ஏறத்தான் தாமதம்.

1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய புரிதல் தொடங்குகிறது. அடுத்து வந்த காலத்தில் பழி அம்மாக்கள் மேல் விழுந்தது. பாசமில்லாத தாய்தான் காரணம் என்ற கருத்தை 1967இல் புரூனோ பெட்டல்ஹைமின் புத்தகம் ஊரெல்லாம் பரப்பியது. காரணம் உடல்சார்ந்தது, வளர்ப்பு அல்ல என்று 1964லேயே வாதிட்ட பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. டெல்லியில் 1991இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவாவும் ஒரு தாய்தான். பல கதவுகளைப் பெற்றோர்தான் தட்டித் திறந்திருக்கிறார்கள்.

நம் சட்டம் என்ன செய்தது? 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் மொத்தம் ஏழு வகைகள். ஆட்டிசம் அதில் இல்லை. எங்க தொழில் பாஷையில சொன்னா, டிராப்டவுன்ல அந்த ஆப்ஷனே கிடையாது. 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று பதிவு செய்யணும், இல்லாட்டி வெறுங்கையோட திரும்பணும். அறிவுத்திறனில் குறை இல்லாத ஆட்டிசக் குழந்தைக்கு அதுவும் கிடையாது.

1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 18 வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க மாவட்ட அளவில் ஒரு குழு வந்தது. "எங்களுக்கு அப்புறம் யார்?" என்ற பெற்றோரின் பயத்துக்கான பதில் அது. கல்வி, வேலை உரிமைகளுக்கான பட்டியலில் ஆட்டிசம் ஏறியது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். ஏழு வகை 21 ஆனது. 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இரண்டும் பக்கத்து ஊர்கள், ஆனால் தனித்தனி ஒன்றியங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது விருதுநகரில். சான்றிதழுக்கு 'ஐசா' என்ற 40 கேள்வி அளவுகோல் பயன்படுகிறது. மதிப்பெண் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அதை வைத்துத்தான் தனித்துவ அடையாள அட்டை. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து.

ஆனால் பயிற்சி சான்றிதழுக்காகக் காத்திருக்கக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு சேவை மையம், பிறந்ததிலிருந்து 18 வயது வரையான குழந்தைகளுக்கானது. அங்கன்வாடி, பள்ளிப் பரிசோதனை வழியாகவே அங்கே போகலாம். பள்ளி வயது என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களைக் கேளுங்க. தெற்கே தென்காசி பக்கம் ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதன் களப்பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய் ஆரம்பநிலைப் பயிற்சி தருகிறார்கள்.

இன்னொன்று. தமிழ் அரசு ஆவணங்களில் ஆட்டிசம் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் வரும். பார்த்துத் திகைக்க வேண்டாம், உங்க பிள்ளைக்கான கட்டம் அதுதான். பெயர் சரியில்லை என்பது என் கருத்து. ஆனா அந்தக் கட்டம் வரவே 2016 வரைக்கும் ஆச்சு. பெயரை மாற்றச் சொல்லிக் கேட்போம், அதுவரை அந்தக் கட்டத்தில் டிக் போட்டு உரிமையை வாங்கிக்கலாம்.