வாராத கப்பற்படை

இரண்டாம் உலகப் போரில் நிகழ்ந்த படைத்துறைப் பிழைகளுள் தலையாயது எது? வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடினால் இவ்வினா எழாமல் போவதில்லை. மாணவர் சொற்போருக்கும் இஃது ஏற்ற தலைப்பே. 1941 ஜூன் 22ஆம் நாள் ரஷ்யாவின்மீது ஹிட்லர் படையெடுத்ததே பெரும்பிழை என்பார் ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், நெருக்குதல் ஏதுமின்றி அவர் அமெரிக்காவின்மீது போர் அறிவித்தது அதனினும் பெரிது என்பார் மற்றொருவர். 1940 மே மாதத்தில் டன்கர்க்கை நெருங்கிய ஜெர்மானியக் கவச வண்டிகள் நிறுத்தி வைக்கப்பட்டதையும், அதனால் ஏறத்தாழ 338,000 போர்வீரர்கள் கடல் கடந்து தப்பியதையும் வேறொருவர் எடுத்துரைப்பார். பேர்ல் துறைமுகத்தில் போர்க்கப்பல்களைத் தகர்த்த ஜப்பானியர், அருகிலேயே நின்ற எண்ணெய்க் கிடங்குகளைத் தொடாமல் திரும்பினரே, அதுவன்றோ பிழை என்பாரும் உளர். ஒவ்வொன்றுக்கும் தக்க சான்று உண்டு. ஆயின், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நாம் விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூர் வீழ்ந்ததே அப்போரின் மாபெரும் பிழைகளுள் ஒன்று. பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிகப் பெரிய சரணாகதி என்று சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் குறித்தது இதனைத்தான்.

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். பேர்ல் துறைமுகத்தில் முதற்குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்திற்கும் முன்பே இது நிகழ்ந்துவிட்டது. சயாமைச் சேர்ந்த சிங்கோராவிலும் பட்டாணியிலும் அவர்தம் முதன்மைப் படை இறங்கியது. 55 நாள்களில் அப்படை ஜொகூர் பாருவை அடைந்தது. 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு நீரிணையைக் கடந்தது. 15ஆம் நாள் மாலை புக்கித் தீமாவிலிருந்த போர்டு தொழிற்சாலையில் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். எழுபதே நாள்களில் எல்லாம் முடிந்தது. சிங்கப்பூரில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். வென்ற தளபதி யாமாசித்தாவிடம் தீவில் இருந்ததோ அவர்களிற் பாதியினும் குறைந்த படை. அவரிடம் பீரங்கிக் குண்டுகளும் தீரும் நிலையில் இருந்தன. தம் தாக்குதல் ஒரு வகை மிரட்டலே என்று அவரே பின்னர் எழுதி வைத்தார்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று மாணவரைக் கேட்டால், “பீரங்கிகள் கடலை நோக்கி இருந்தன, அவற்றைத் திருப்ப இயலவில்லை” என்று ஒரே குரலில் விடை வரும். பொதுஅறிவுப் போட்டிகளில் இவ்விடைக்கு மதிப்பெண் வழங்கப்படுவதையும் கண்டிருக்கிறேன். இக்கூற்றில் உண்மை மிகச் சிறிதே. தீவில் 15 அங்குல வாயகலம் கொண்ட பெரும்பீரங்கிகள் ஐந்து இருந்தன. மூன்று சாங்கிப் பக்கத்திலும் இரண்டு மேற்கே புவோனா விஸ்டாவிலும் நிறுவப்பட்டிருந்தன. புவோனா விஸ்டாவில் இருந்தவை நிலத்தின் பக்கம் பயன்படவில்லை என்பது மெய். சாங்கிப் பீரங்கிகளோ திரும்பின. ஜொகூரை நோக்கியும், பின்னர் தெங்கா, புக்கித் தீமாப் பகுதிகளை நோக்கியும் சுட்டன. குறை குண்டில் இருந்தது. அவற்றுக்கு வைத்திருந்த குண்டுகள் போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. காட்டு மண்ணில் விழுந்தால் அவை ஆழப் புதைந்து வெடித்தன. பரந்து வரும் காலாட்படைக்கு அவற்றால் பெருஞ்சேதம் விளையவில்லை.

பீரங்கிக் கதை ஏன் இவ்வளவு காலம் நிலைத்து நிற்கிறது? அது சொல்வதற்கு எளிது. யாரோ ஒரு பொறியாளன் இரும்பைத் தவறான திசையில் நட்டுவிட்டான் என்று முடித்துவிடலாம். உண்மையான பிழை மேசைகளிலும் கோப்புகளிலும் இருபது ஆண்டுக் காலமாக வளர்ந்தது. அதனை ஒரு வரியில் கூறிவிட முடியாது.

முதல் உலகப் போருக்குப்பின் பிரிட்டன் பொருளால் தளர்ந்திருந்தது. ஐரோப்பாவுக்கு ஒன்று, கீழை நாடுகளுக்கு ஒன்று என இரண்டு கப்பற்படைகளைப் பேண அதனால் இயலவில்லை. ஆகவே, சிங்கப்பூரில் பெரியதொரு கடற்படைத் தளம் அமைப்பது, போர் வந்தால் முதன்மைக் கப்பற்படையை அங்கு அனுப்புவது என முடிவாயிற்று. செம்பவாங்கில் அத்தளம் எழுந்தது. செலவு ஏறத்தாழ 6 கோடி பவுண்டு என்பர். 1938 பிப்ரவரி 14ஆம் நாள் அங்குப் பெருங்கப்பல்களும் நுழையத்தக்க செப்பனிடு துறை கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழிந்தபோது சிங்கப்பூரில் பிரிட்டிஷ் கொடி இறங்கிவிட்டது.

வீட்டைக் கட்டிவிட்டனர், குடியிருக்க வேண்டிய கப்பற்படை வரவேயில்லை. அது வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு மாறிக்கொண்டே வந்ததைக் கவனித்தல் வேண்டும். தொடக்கத்தில் ஆறு வாரம் என்றனர். பின்னர் 70 நாள், அதன்பின் 90 நாள் என்றனர். 1939இல் போர் மூண்டதும் அது 180 நாள் ஆயிற்று. ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது வரமாட்டோம் என்பதன் மென்மையான வடிவமேயன்றி வேறென்ன?

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இம்மூன்றையும் கொண்டு மலாயாப் போரை எடை போட்டால் வியப்பான உண்மையொன்று புலப்படும். பகைவர் வரும் இடமும் காலமும் முன்னரே அறியப்பட்டிருந்தன. 1937ஆம் ஆண்டளவில் மலாயாவின் படைத்தளபதியாக இருந்த டோபி இதனை ஆராய்ந்தார். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கீழைக்கரையில் எவரும் இறங்க முடியாது என்பது அந்நாளைய நம்பிக்கை. இறங்க முடியும்; மழைமேகம் வானூர்திகளின் கண்ணை மறைப்பதால் பகைவர் அம்மாதங்களையே விரும்பக்கூடும் என்று அவர் கணித்தார். சிங்கோரா, பட்டாணி வழியாக வடக்கிலிருந்து தாக்குதல் வரும் என்றும் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் அப்படியே நடந்தது. அந்த ஆய்வில் டோபிக்குத் துணைநின்ற அதிகாரி யார் தெரியுமா? பெர்சிவலே! தாம் முன்னறிந்து எழுதிய தோல்வியைத் தாமே தலைமை தாங்கி நடத்த நேர்ந்த தளபதிகள் உலக வரலாற்றில் மிகச் சிலரே இருப்பர்.

இவ்வெச்சரிக்கைக்குக் கிடைத்த பயன் என்ன? நிலப்பகுதிக்கு அரண் அமைக்க டோபிக்கு ஒதுக்கப்பட்டது 60,000 பவுண்டு. அதிலும் பாதிக்குமேல் செலவழிக்கப்படவில்லை. கடற்பக்கம் கோடிகள், நிலப்பக்கம் ஆயிரங்கள்.

கப்பற்படை வாராது என்று உணர்ந்தபின், வானூர்திகளே மலாயாவைக் காக்கும் என்று திட்டத்தை மாற்றினர். அதற்கு 336 வானூர்திகள் வேண்டும் என்று இலண்டனிலிருந்த படைத்தலைவர்களே 1940இல் ஒப்புக்கொண்டனர். போர் தொடங்கிய நாளில் இருந்தவை 158. அவற்றிலும் பல பழைய வகையைச் சேர்ந்தவை. ஆயினும், வரப்போகும் வானூர்திகளுக்காகக் கோத்தா பாரு, கோங் கெடாக், மாச்சாங் முதலிய இடங்களில் வானூர்தித் திடல்களை முன்னதாகவே அமைத்துவிட்டனர். தரைப்படையைக் கலந்து பேசாமல் அமைத்த திடல்கள் அவை. அவற்றைக் காப்பதற்கே படை சிதறி நிற்க வேண்டியதாயிற்று. மலாயா முழுவதிலும் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கியும் இல்லை. அதே மாதங்களில் நூற்றுக்கணக்கான டாங்கிகளும் வானூர்திகளும் ரஷ்யாவுக்குக் கப்பலேறின.

இங்கே நேர்மையாக ஒரு மறுப்பையும் கருத வேண்டும். பிரிட்டன் அப்போது உயிருக்குப் போராடியது. இல்லாததை எங்ஙனம் அனுப்பும் என்று கேட்பர். நியாயமான கேள்விதான். இல்லாமை பிழையாகாது. இல்லாததை இருப்பதாகக் காட்டி, தகர்க்க முடியாத கோட்டை என்று மக்களை நம்ப வைத்ததே பிழை. உண்மையை மக்களுக்கு மறைத்தனர். பகைவரிடமோ அது முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. 1940 நவம்பரில் ஆட்டோமெடான் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை, சுமத்திராவுக்கு மேற்கே ஜெர்மானியக் கப்பலான அட்லாண்டிஸ் பிடித்தது. கீழை நாடுகளுக்குக் கப்பற்படை அனுப்ப இயலாது என்ற இலண்டன் போர் அமைச்சரவையின் மறைவான அறிக்கை அதில் சிக்கியது. ஜெர்மானியர் அதனை டோக்கியோவில் ஜப்பானியரிடம் கொடுத்தனர். கோட்டைக்குள் ஆள் இல்லை என்பது வெளியே நின்றவருக்குத் தெரியும். உள்ளே உறங்கியவருக்குத் தெரியாது.

போர்க்களத்துப் பிழைகள் இதன் கிளைகளே. சயாமுக்குள் முந்திச் சென்று சிங்கோராவைப் பிடிக்கும் திட்டமொன்று இருந்தது. அதனைத் தொடங்கும் அதிகாரம் டிசம்பர் 5ஆம் நாளே தலைமைத் தளபதி புரூக்-போபமுக்குக் கிடைத்தது. மறுநாள் ஜப்பானியக் கப்பல் வரிசையும் கண்ணுக்குப் பட்டது. அவர் தயங்கினார். சயாமின் நடுநிலையைக் குலைத்த பழி வந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம்; கப்பல்கள் எங்குச் செல்கின்றன என்ற ஐயம் மறுபுறம். முன்னேறுவதற்காகக் கொட்டும் மழையில் காத்துக்கிடந்த பதினோராம் இந்தியப் பிரிவு, 8ஆம் நாள் பிற்பகலில் ஜித்ராவில் தற்காப்புக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டது. அகழிகளில் நீர் நிரம்பியிருந்தது. டாங்கிகளுடன் வந்த சிறியதொரு முன்னணிப் படை 11, 12ஆம் நாள்களில் அந்த அரணை உடைத்துவிட்டது. இதற்கிடையில், டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரு போர்க்கப்பல்களும் வானூர்திக் காப்பின்றிச் சென்று, 10ஆம் நாள் குவாந்தான் கடலில் மூழ்கின. 840 பேர் மாண்டனர். வாக்களித்த கப்பற்படையில் வந்தவை இவ்விரண்டும் சில துணைக்கப்பல்களுமே.

பெர்சிவலைக் குற்றமற்றவர் என்று கூற வரவில்லை. தீவின் வடகரையில் அரண் எழுப்ப வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் சிம்சன் வற்புறுத்தியும், மக்களின் மனவுறுதி குலையும் என்று அவர் இணங்கவில்லை. பகைவர் வடகிழக்கில் வருவர் என எதிர்பார்த்தார். அவர்களோ வடமேற்கில் வந்தனர். மனவுறுதி பற்றிய அக்காரணம் ஆராயத்தக்கது. பொய்யான நம்பிக்கையைக் காப்பதற்காக மெய்யான காப்பைக் கைவிட்ட செயலன்றோ அது!

மறைத்ததன் விலையை முதலில் கண்டவர்கள் பினாங்கு மக்கள். டிசம்பர் 16, 17ஆம் நாள்களில் ஐரோப்பியர் மட்டும் ஓசையின்றித் தீவைவிட்டு ஏற்றிச் செல்லப்பட்டனர். ஆசிய மக்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால், படகுகளும் வானொலி நிலையமும் அழிக்கப்படாமல் பகைவருக்கு விடப்பட்டன! ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ இதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, எஞ்சிய மக்களைக் காக்கும் பொறுப்பை ஏற்ற குழுவுக்குத் தலைமை தாங்கினார். மேலும் குண்டு விழாதிருக்கக் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும், ஆங்கிலேயர் சென்றுவிட்டனர் என்று வானொலியில் அறிவிக்கச் செய்தவரும் அவரே. நம் மாணவர்கள் யாமாசித்தாவின் பெயரை அறிவர், இப்பெயரை அறியார்.

சிங்கப்பூர் வீழ்ந்த சில நாள்களில் சீனர் ஆயிரக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். தோட்டங்களில் இருந்த தமிழருக்குத் துன்பம் சற்றுப் பிந்தி வந்தது. அவர்களைப் பால்மரக் காட்டுக்குக் கொண்டு வந்தவரும், அவர்தம் காவலுக்குப் பொறுப்பேற்றவரும் ஆங்கிலேயர். அக்காவல் மறைந்ததும், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இரயில்பாதை அமைக்க ஜப்பானியர் ஆள் திரட்டினர். சிலர் கூலி கிடைக்கும் என்று நம்பிச் சென்றனர். பலர் லாரிகளில் அள்ளிச் செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றவர் 70,000க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பல்லாயிரவர். அதே பாதையில் உயிர்நீத்த வெள்ளைப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பெயரும் வயதும் படைப்பிரிவும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டங்களிலிருந்து சென்றவர்களின் பெயர்களை முழுமையாக எவரும் எழுதி வைக்கவில்லை.