வன்னியிலிருந்து ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு வழி

ஆங்கில இலக்கியம் கற்க விரும்பும் வன்னி மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எங்கிருந்து தொடங்குவது? சேக்ஸ்பியரிலிருந்து என்பது வழமையான பதில். என் பதில் வேறு. உங்கள் காட்டிலிருந்து தொடங்குங்கள்.

வன்னி பற்றிய தொடக்ககால ஆங்கில எழுத்து நிர்வாகத் தேவைக்காக எழுந்தது. பிரித்தானிய சிவில் சேவை அதிகாரியான ஜே.பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு 1895இல் வெளிவந்தது. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளின் வரலாறு, குளங்கள், மக்கள் பற்றிய அந்நூல் ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம். ஆயினும் அதில் வன்னி மக்கள் பேசப்படுகிறார்கள், பேசவில்லை.

அதே சேவையைச் சேர்ந்த இன்னொருவர் கையேட்டை விட்டு நாவலை நாடினார். 1904 முதல் 1911 வரை இலங்கையில் பணியாற்றிய லெனார்ட் வுல்ஃப், 1913இல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலை வெளியிட்டார். கதைக்களம் தெற்கே அம்பாந்தோட்டைப் பகுதியின் சிங்களக் கிராமம். எனினும் சேனை வெட்டும் அனுமதிக்காக ஊர்த்தலைவனை அண்டி நிற்பதும், தீராக் கடனும், பசியும், ஊரையே விழுங்கும் காடும் வன்னி வாசகருக்கு அகராதியின்றி விளங்குபவை.

அதன் பக்கத்தில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை வைத்துப் படியுங்கள். 1973இல் வெளிவந்த இந்நாவலின் களம் முல்லைத்தீவின் தண்ணிமுறிப்பு. வுல்ஃபின் காடு மனிதரை அச்சுறுத்துவது. பாலமனோகரனின் காடு மனிதர் குடியிருக்கும் வீடு. ஏன் இந்த வேறுபாடு? இதைக் கேட்கும் கணத்திலேயே நீங்கள் இலக்கியத் திறனாய்வுக்குள் வந்துவிட்டீர்கள். தண்ணிமுறிப்புத் தமிழ் மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தனர். அவ்வூரின் பழைய வாழ்வைத் தேடுவோருக்கு இன்று அந்நாவலும் ஓர் ஆவணம்.

கவிதைக்கு, லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமும் சாஷா எபலிங்கும் மொழிபெயர்த்து 2016இல் வெளியிட்ட ஈழப் போர்க் கவிதைத் தொகுப்பை எடுங்கள். அதில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே உள்ளன. ஆங்கிலப் பக்கத்தை மூடிவிட்டுத் தமிழ்க் கவிதையை நீங்களே பெயர்த்தெழுதிப் பாருங்கள்; பின்னர் ஒப்பிடுங்கள். எந்தச் சொல் கடந்து சென்றது, எந்த ஓசை கரையில் நின்றுவிட்டது என்பது தெரியும். யாப்பையும் உருவகத்தையும் வரைவிலக்கணமாக மனனம் செய்வதைவிட இது ஆழமான பயிற்சி.

2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்', கொழும்பிலிருந்து கிளிநொச்சிப் பகுதிக்கு ஒரு மரணச் சடங்குக்காகச் செல்லும் இளைஞனின் கதை. லூயிஸின் கையேட்டுக்கும் இதற்கும் இடையே 126 ஆண்டுகள். வன்னி, ஆங்கிலத்தில் புள்ளிவிவரமாக இருந்து துயரமாக மாறிய காலம் அது. ஆனால் அனுக்கும் கொழும்பில் வளர்ந்தவர். அவரது நாயகன் வன்னிக்கு வந்து செல்பவன்.

குளக்கட்டில் வளர்ந்தவர்களின் ஆங்கிலம் இன்னும் நிறைய வரவேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறேன். சேக்ஸ்பியர் எங்கும் போய்விடமாட்டார். அடுத்த ஆண்டு அவரிடமும் செல்லுங்கள்.