ஒருமித்த வாக்கும் அரசியல் பேரமும்: யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை முன்வைத்து

சண்டிலிப்பாயை உள்ளடக்கிய மானிப்பாய்த் தொகுதி 1977இல் வி. தர்மலிங்கத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தமிழர் விடுதலைக் கூட்டணி அத்தேர்தலில் 18 இடங்களை வென்றது. ஆனால் 168 இடங்களில் 140 ஐக்கிய தேசியக் கட்சியிடம் இருந்தன. கூட்டணிக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடைத்தது. அரசை அசைக்கும் வலு கிடைக்கவில்லை. 1965இல் தமிழரசுக் கட்சியிடம் இருந்தவை 14 இடங்களே. 66 இடங்களோடு நின்ற டட்லி சேனநாயக்காவுக்கு அவை தேவைப்பட்டன. ஒப்பந்தம் பிறந்தது, மு. திருச்செல்வம் அமைச்சரானார், 1966 சனவரியில் தமிழ்மொழிப் பயன்பாட்டு ஒழுங்குவிதிகள் நிறைவேறின. ஒப்பந்தத்தில் இருந்த மாவட்ட சபைத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது உண்மை. எனினும் கூடிய ஒற்றுமையை விடத் தெற்கின் நெருக்கமான போட்டியே தமிழ் வாக்குக்குக் கூடிய மதிப்பைத் தந்தது.

1978 அரசியலமைப்பு பேரத்தின் காலத்தை மாற்றிவிட்டது. தேர்வான சனாதிபதியை நாடாளுமன்றத்தில் அசைப்பது அரிது. எனவே கேட்பதை வாக்களிப்புக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும். இதை முதலில் விளங்கிக்கொண்டவர் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப். 1988 சனாதிபதித் தேர்தலுக்கு முன் பிரேமதாசவிடம் பேசி, மாவட்டத்தில் ஆசனம் பெறத் தேவையான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைப்பித்தார். பிரேமதாச வென்றது 50.43 வீதத்தில்.

யாழ்ப்பாணம் அவ்வாறு பேரம் பேசவில்லை. 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் மாவட்டத்தில் வாக்களித்தோர் 2 வீதத்தையும் எட்டவில்லை. மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்தில் வென்றார். 2015இல் 74 வீத வாக்கு மைத்திரிபாலவுக்குச் சென்றது, பகிரங்க உடன்பாடு எதுவுமின்றி. போக வேறிடமில்லாத சிறுபான்மையினரைப் பெரிய கட்சி கைக்குள் இருப்பவராகவே கருதும் என்று அமெரிக்கக் கறுப்பின வாக்காளரை ஆராய்ந்த போல் ஃபிரைமர் 1999இல் எழுதினார். ராஜபக்சக்களுக்கு எதிராக யார் நின்றாலும் நம் வாக்கு அவருக்கே என்ற நிலை அதைத்தான் ஒத்தது.

தமிழருக்கு வாக்குறுதி தரும் வேட்பாளர் சிங்கள வாக்கை இழப்பார், ஆகவே பேரமே நடவாது என்பது வலுவான மறுப்பு. 1957 பண்டா–செல்வா ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் எல்லாக் கோரிக்கைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. வலிகாமம் வடக்கில் படையினர் வசமிருந்த காணிகளில் ஒரு பகுதி 2015க்குப் பின் விடுவிக்கப்பட்டது நிர்வாக முடிவால்தான். எஞ்சியவற்றுக்குக் கால அட்டவணை கேட்பது பெரிய கேள்வியல்ல. கேட்காமல் விடுவதுதான் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்க் கட்சிகளுடனான வாக்காளரின் பிணைப்புத் தளர்ந்தது. 80,830 வாக்குகள், அதாவது நாலில் ஒரு பங்கு பெற்ற தேசிய மக்கள் சக்தி, மாவட்டத்தின் ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்தது: முதலிடத்துக்கு ஒரு மேலதிக ஆசனம், எஞ்சியவை விகிதப்படி. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. 9 வீதத்தையும் எட்டாத தமிழ்க் காங்கிரசும் ஒரு சுயேச்சைக் குழுவும் ஆளுக்கொன்று பெற்றது அஷ்ரப் குறைத்த வெட்டுப்புள்ளியால். பழைய அளவில் அவ்விரண்டுக்கும் எதுவும் இல்லை. சிதறலின் விலை இது. ஆனால் பழைய கட்டுக்கோப்புக்குத் திரும்பினால் மட்டும் பேரவலு வந்துவிடாது.

அதே ஆண்டு செப்டம்பர் சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். முதற் சுற்றில் எவரும் பாதியைத் தாண்டாததால் நாட்டிலேயே முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதலிருவருக்கிடையே பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் இடைவெளி இருந்ததால் தமிழ் வாக்கு முடிவை மாற்றியிராது. நெருக்கமான தேர்தலில் அது மாற்றும். முதல் விருப்பைத் தம்மவருக்கு அளித்து, இரண்டாவதை எழுத்து மூலம் நிபந்தனை ஏற்கும் தென்னிலங்கை வேட்பாளருக்கு என்று முன்கூட்டியே அறிவிக்கும் வழி சட்டத்திலேயே திறந்திருக்கிறது.