தர்மண்ட்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நியூ ரிவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ரயில்வே சிற்றூர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே வசித்தவர்கள் 5 பேர். 1910 வாக்கிலோ, செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வே சின்சினாட்டி, ரிச்மண்ட் ஆகிய பெரிய நகரங்களில் சேர்த்து ஏற்றி இறக்கிய சரக்கைவிட இந்த ஊரில் கையாண்ட சரக்கு அதிகம். அதில் பெரும்பகுதி நிலக்கரி.

ஊருக்குக் கடைத்தெரு கிடையாது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஆறு. நடுவில் கிடைத்த சொற்ப நிலத்தையும் தண்டவாளம் எடுத்துக்கொண்டது. பழைய வங்கியும் கடைகளும் வரிசையாகத் தண்டவாளத்தைப் பார்த்தே நிற்கின்றன. வாசற்படி இறங்கினால் ஒடுங்கிய நடைபாதை, அதைத் தாண்டினால் ரயில்.

உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தரப்பில் கேப்டனாக இருந்த வில்லியம் தர்மண்ட், 1873இல் நில அளவை வேலை ஒன்றுக்குக் கூலியாக இங்கே 73 ஏக்கர் பெற்றார். கூலியைக் காசாக வாங்கியிருந்தால் ஊருக்கு வேறு பெயர் வாய்த்திருக்கும். அதே ஆண்டு பள்ளத்தாக்கின் வழியே ரயில் பாதை முடிந்து, மலைக்குள் கிடந்த நிலக்கரி வெளியே போக வழி பிறந்தது. என்றாலும் 1892இல் எதிர்க்கரை நிலச்சொந்தக்காரர் தாமஸ் மெக்கெல் ரயில்வேயுடன் பேசி, ஓர் ஓடையை ஒட்டிய சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை கேட்டுப் பெற்ற பிறகுதான் ஊர் தலையெடுத்தது. சுரங்கங்களிலிருந்து வரும் கரிப்பெட்டிகளை இங்கே கோத்து நீண்ட சரக்கு ரயிலாக்கி அனுப்பினார்கள்.

ஊரைத் தாங்கியது கரி மட்டுமல்ல, நீராவி என்ஜினின் பசியும் தாகமும்தான். அதற்குக் கரி போட வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், சாம்பலை அள்ள வேண்டும், எண்ணெய் விட வேண்டும், சக்கரம் வழுக்காமலிருக்க மணல் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள், அந்த ஆள்களுக்குச் சாப்பாடு, படுக்கை. 1904இல் கட்டிய ஸ்டேஷனில் ஒரு நாளைக்குப் பதினைந்து பயணி ரயில்கள் வந்துபோன காலம் உண்டு. என்ஜின்களுக்குக் கரி கொட்ட 1922இல் கட்டிய 500 டன் கான்கிரீட் கோபுரம் இன்றும் தண்டவாளத்தின் மேல் கால் பரப்பி நிற்கிறது.

கேப்டன் மதுவை வெறுத்தவர். தம் நிலத்தில் அதை அனுமதிக்கவில்லை. ஊர் எல்லையோ ஆற்றோடு முடிந்தது. மெக்கெல் 1901இல் எதிர்க்கரையில் டன்க்ளென் ஹோட்டலைத் திறந்தார்: நூறு அறைகள், குடி, சூதாட்டம். அங்கே ஒரு சீட்டாட்டம் பதினான்கு ஆண்டுகள் நிற்காமல் நடந்ததாகச் சொல்வார்கள். நம்புவது கடினம், ஆனால் ஊரைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அது வராமல் இருப்பதில்லை.

ஊருக்கு வண்டிச்சாலை வந்தது 1921இல். காலப்போக்கில் அது ஆள்களைக் கொண்டுவந்ததைவிட அழைத்துப்போனதே அதிகம். 1930 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 462, ஊர் கண்ட உச்சம். அதே ஆண்டில்தான் டன்க்ளென் தீயில் எரிந்தது. பெருமந்தத்தில் வங்கியும் மூடியது. கடைசி அடியை டீசல் என்ஜின் கொடுத்தது. அதற்கு வழியில் கரி வேண்டாம், சாம்பல் அள்ளும் ஆள் வேண்டாம். ஊரில் நிற்கவே அதற்குக் காரணம் இல்லை. கரிக் கோபுரம் 1960இல் வேலையை நிறுத்தியது.

இப்படி வளராமல் நின்றுபோனதே பிறகு ஊருக்குக் கைகொடுத்தது. 1920இன் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தைச் சொல்லும் 'மேட்வான்' (1987) படத்தை ஜான் செயில்ஸ் இங்கேதான் எடுத்தார். பழைய ஸ்டேஷனைத் தேசியப் பூங்கா துறை சீரமைத்து, 1995இல் பார்வையாளர் மையமாகத் திறந்தது.

2005 உள்ளாட்சித் தேர்தலில் ஊரின் ஏழு பேரில் ஆறு பேர் போட்டியிட்டனர். பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற விதியை 2015இல் ஊர் மன்றம் ஐந்துக்குப் பூஜ்யம் என நிறைவேற்றியது.

கரி ரயில்கள் இன்னும் கடைகளின் வாசலை உரசிக்கொண்டு ஓடுகின்றன. சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வாரம் மூன்று நாள் ஓடும் கார்டினல் ரயிலுக்கு இங்கே நிறுத்தம் உண்டு; ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் மட்டும் நிற்கும்.