பெண் நாய்க்கு 'ஹீட்' எப்போது வரும்? சினைக்காலம் எத்தனை நாள்? வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வீட்டில் வளரும் பெண் நாய்க்கு ரத்தம் கசியத் தொடங்கியதும் பலர் அதை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பத்து நாள் கழித்து, "ரத்தம் நின்னுடுச்சு, இனி பயமில்ல" என்று அவிழ்த்து விடுகிறார்கள். ஆனால் நாய் சினை பிடிக்கும் நாட்களே பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றன.

இது மாதவிடாயா?

இல்லை. பெண்களுக்கு கரு உருவாகாதபோது மாதவிடாய் வருகிறது. நாய்க்கோ கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே ரத்தம் கசிகிறது.

சிறிய இன நாய்களுக்கு 6 மாதத்திலேயே முதல் ஹீட் வரலாம். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதன்பின் சராசரியாக 6, 7 மாதத்துக்கு ஒருமுறை வரும்.

ஒரு ஹீட் சுமார் 3 வாரம் நீடிக்கும். முதல் 9 நாள் வாக்கில் பிறப்புறுப்பு வீங்கி ரத்தம் கசியும். ஆண் நாயைக் கிட்டே சேர்க்காது. அடுத்த 9 நாள் வாக்கில் கசிவு வெளிறும். வாலை ஒதுக்கிக் காட்டும். சினை பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். பல நாய்களுடன் சேர்ந்தால், ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பனின் குட்டிகள் பிறப்பதும் உண்டு.

சினையை எப்படி உறுதி செய்வது?

மனிதர்களுக்கான பரிசோதனை கிட் நாய்க்கு வேலை செய்யாது. 25 நாளுக்குப் பிறகு ஸ்கேனில் தெரியும். குட்டிகளின் எண்ணிக்கையை 55 நாள் வாக்கில் எக்ஸ்ரேவில் பார்க்கலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மருந்து கொடுக்கக் கூடாது. அது குட்டி போட்ட பிறகு வலிப்பு வரும் அபாயத்தைக் கூட்டலாம்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

* அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால்
* உள்ளே குட்டி இருந்தும், அடுத்தது வர 2 மணி நேரத்துக்கு மேல் ஆனால்
* முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் நீர் வந்தால்

சினை இல்லாவிட்டாலும் கவனம்

ஹீட் முடிந்து ஓரிரு மாதத்தில் நாய் அளவுக்கு மீறி தண்ணீர் குடித்தால், வாந்தி எடுத்தால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சில நாய்களுக்கு சீழ் வெளியே வராது என்பதால் 'அஜீரணம்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். தாமதித்தால் உயிர் போகும். நாய்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோன்ற பருவம் கிடையாது. வயதானாலும் ஹீட் வரும், இந்த ஆபத்தும் கூடும். கருப்பையை அகற்றும் கருத்தடை அறுவை சிகிச்சை இதைத் தடுக்கும்.

எனவே, ரத்தம் கசியத் தொடங்கிய தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். 3 வாரம் முழுவதும் நாயை வெளியே தனியாக விடாதீர்கள். பின்னால் நாய் சுணங்கிப் படுத்தால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.